பிள்ளைகளை எண்ணாத வீடுகள்

எண்ணில் அடங்கா எழில்மக்கள் ஈன்றளித்த
கண்ணுதலே காப்பாய் கனிந்து.

பயணக் களைப்புத் தீர்ந்து, வைகாசி விசாகமாகிய இந்நன்னாளில், கோயிலிலிருந்து திரும்பி, நெற்றியில் நீறு உலருமுன்னரே இதனை எழுத அமர்ந்தேன். மேலே உள்ள குறள் வெண்பா அடியேன் கட்டியது. குற்றம் இருப்பின் கற்றோர் பொறுத்தருள்க. எழுதத் தொடங்கும் நாளைத் தேர்ந்தவள் என் மனைவி பரமேஸ்வரி. அதற்கு அவளுக்கு ஒரு காரணம் உண்டு. அது உரிய இடத்தில் வரும்.

எங்கள் மகள் கௌரி மெல்பேர்ண் நகரின் கிளேட்டன் பகுதியில், பல்கலைக்கழகம் ஒன்றில் குடித்தொகை ஆய்வு செய்கிறாள். ஒரு நாட்டில் எத்தனை பேர் பிறக்கிறார்கள், எந்த வயதினர் எத்தனை பேர் வாழ்கிறார்கள், அவை ஏன் மாறுகின்றன என்று அறிவதே அவள் தொழில். அவள் எடுத்துக்கொண்ட நாடு உகண்டா. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்த பிள்ளை, அவுஸ்திரேலியாவில் இருந்துகொண்டு, ஆபிரிக்காவின் தொட்டில்களை ஆராய்வானேன் என்று உறவினர் கேட்பதுண்டு. எந்தத் தொட்டில் ஆடினாலும் அது இறைவன் ஆட்டுவதே என்று நான் விடை சொல்லிச் சமாளிப்பேன். உள்ளபடி எனக்கும் விளங்கியதில்லை.

சித்திரை பிறந்து சில நாள்களில் அவள் தொலைபேசியில் பேசியபோது குரல் மெலிந்திருந்தது. உகண்டாவிலிருந்து மெல்பேர்ணில் குடியேறிய தாய்மாரிடம் பேசி, ஊரிலும் புலம்பெயர்ந்த நாட்டிலும் பிள்ளைப்பேறு எவ்வாறு மாறுகிறது என்று அறிவது அவள் ஆய்வின் கடைசிப் பகுதி. பேச ஒப்புக்கொண்ட தாய்மார் திடீரென்று கதவைச் சாத்திவிட்டார்கள். குளிர்காலம் முடிவதற்குள் அவர்கள் பேசாவிட்டால், பல ஆண்டு உழைப்பு பாதியில் நின்றுவிடும். ஏன் சாத்தினார்கள் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. வேலை கூடிவிட்டது, வேறொன்றுமில்லை என்றாள்.

"வேலை கூடினவள் இப்பிடிக் கதைக்கமாட்டாள். நான் போய்ப் பாக்கோணும்," என்றாள் பரமேஸ்வரி.

அவள் ஒன்றைத் தீர்மானித்தால், அடியேன் பெட்டியைத் தேட வேண்டியதுதான்.

முதலில் சிட்னி. மனைவியின் தம்பி பரமட்டாவுக்கு அப்பால் குடியிருக்கிறார். வைத்தியசாலை ஒன்றில் பணி. அவர் வீட்டில் காலையில் புட்டு, இரவிலும் புட்டு. பனையோலை நீத்துப்பெட்டிக்குப் பதிலாக உருக்குக் குழல் வந்திருந்ததே அன்றி, தேங்காய்ப்பூ ஆவியில் வேகும் மணத்தில் மாற்றம் இல்லை. மருமக்கள் இருவரும் "ஹாய் மாமா" என்று வணங்கிவிட்டுத் தத்தம் அறைக்குள் மறைந்தார்கள். பசி வந்தபோது மீண்டும் தோன்றினார்கள்.

சிட்னியில் என்னைத் திகைக்கவைத்தவன் கதிரவன். வழக்கம்போல் விடியலில் கிழக்கு நோக்கிக் கைகூப்பினேன். அதில் குறை இல்லை. ஆனால் உதித்தவன் தெற்கே சாயாமல் வடக்குப் பக்கமாக நகர்ந்து மேற்கே போனான். நம் ஊரில் தை மாதத்தில் உலகை வலம் வருபவன், இங்கே இடமாகச் சுற்றுகிறான். ஒரு பகல் முழுவதும் முற்றத்துக் கதிரையில் இருந்து இதனைப் பார்த்தேன். முடிவில், சுற்றும் திசையைப் பார்ப்பவன் நானேயன்றி இறைவன் அல்லன் என்று தேறினேன்.

மறுநாள் ரயிலில் ஒரு சங்கடம். மைத்துனர் எங்களை ஏற்றிவிட்டு, பரமட்டாவில் இறங்கும்படி சொல்லியிருந்தார். வண்டியின் தாலாட்டில் பரமேஸ்வரி உறங்கிப்போனாள். நான் கண்மூடி ஒரு பதிகத்தை மெல்லப் பாடத் தொடங்கினேன். பதிகம் முடியுமுன் கண் திறப்பது முறையன்று. திறந்தபோது எதிரே நடுத்தர வயதுப் பெண்ணொருவர், கழுத்தில் சிறு சிலுவையுடன், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு, அங்கிள். எங்க இறங்கோணும்?"

"பரமட்டாவில, பிள்ளை."

"அது போய்க் கனநேரம். பாட்டைக் குழப்பக்கூடாதெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அவர் மன்னாரைச் சேர்ந்தவர். தம் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு எங்களுடன் இறங்கி, மறுபக்க மேடைக்கு அழைத்துச் சென்றார். தங்கள் கோயிலிலும் ஆட்கள் இப்படித்தான் கண்ணை மூடுவார்கள் என்றும், ஆனால் ரயிலில் மூடமாட்டார்கள் என்றும் சொன்னார். பரமேஸ்வரி வெட்கத்தை மறந்து சிரித்தாள். பிறகு அந்தப் பெண், நம்மவர் சந்தித்தவுடன் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: எத்தினை பிள்ளையள், அன்ரி?

"கடவுள் தந்தது காணும், பிள்ளை," என்றாள் பரமேஸ்வரி.

இதனை இங்கே விளக்க வேண்டும். பிள்ளைகளை எண்ணிச் சொன்னால் கண்ணூறு படும் என்பது எங்கள் வீடுகளின் வழக்கம். ஆகவே அந்த விடையில் எவரும் புதுமை காண்பதில்லை. ஆனால் அவளுக்கு வேறொரு காரணமும் இருந்தது. கௌரிக்கு முன் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். நடை பழகும் பருவத்தில் காய்ச்சல் ஒன்றில் போய்விட்டான். ஒரு மகள் என்று சொன்னால் பெற்ற மகனை இல்லையென்றதாகும். இருவர் என்று சொன்னால், மகன் எங்கே இருக்கிறார் என்ற கேள்வி வரும். ஆகவே அவள் எண்ணையே விட்டுவிட்டாள். அதனோடு அவன் பெயரையும் விட்டுவிட்டாள். அவள் வாயில் அப்பெயர் வந்து நான் கேட்டு நெடுங்காலம் ஆயிற்று.

மெல்பேர்ண் குளிர்ந்து கிடந்தது. ஊரில் விசிறி தேடும் சித்திரையில், அங்கே மரங்கள் செம்பட்டு உடுத்து இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. கௌரியின் வீட்டுக் குசினியில் ஒருவர் நின்றால் மற்றவர் வெளியேற வேண்டும். குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்த பரமேஸ்வரி, பாணும் பாலும் தவிர ஒன்றும் இல்லாததைக் கண்டு, மகளை ஏற இறங்கப் பார்த்தாள். அரைமணி நேரத்தில் அடுப்பில் சொதி கொதித்தது.

உணவுக்குப் பின் கௌரி தன் கணினியைத் திறந்து எனக்கு ஒரு படம் காட்டினாள். அடி அகன்று, படிப்படியாக ஒடுங்கி, உச்சி கூர்ந்த உருவம்.

"இதுதான் உகண்டா, அப்பா. கீழ்ப்படியில குழந்தையள். அதுக்கு மேல பள்ளிக்கூடப் பிள்ளையள். மேல போகப்போக வயசு கூடும். உச்சியில உங்களை மாதிரி ஆக்கள்."

"இது கோபுரமல்லோ?"

அவள் சிரித்தாள். தங்கள் துறையில் வேறு பெயர் சொல்வார்களாம். கோபுரம் என்பதே பொருத்தம் என்று ஒப்புக்கொண்டாள். அந்த நாட்டில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிள்ளைகள். அத்தனை பேருக்கும் பள்ளி, பால், மருந்து, பின் வேலை, எல்லாம் எங்கிருந்து வரும் என்று அரசுகள் அஞ்சுகின்றன. அஞ்சுவதற்கு முன் தாய்மாரிடம் கேளுங்கள் என்பதே இவள் ஆய்வின் சாரம். பிறகு அவுஸ்திரேலியாவின் படத்தைக் காட்டினாள். அது நடுவில் பருத்த குடம்போல் இருந்தது.

எங்கள் இடத்தின் படத்தைக் கேட்டேன். அவள் சற்றுத் தயங்கி, ஒரு தாளில் கையால் தோராயமாகக் கீறினாள். அடி ஒடுங்கியிருந்தது. நடுவில், ஆண்கள் பக்கத்தில், கோபுரத்தைக் குண்டு துளைத்தாற்போல ஒரு பள்ளம். போரில் போனவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் நிற்க வேண்டிய இடம் அது. உச்சி மட்டும் அகன்றிருந்தது. "கலசம்தான் பெரிசு," என்று அதனை விரலால் தொட்டாள். நான் படிப்பித்த பள்ளியில் இப்போது வகுப்பறைகள் மிகுதி, மாணவர் குறைவு. அதைப் புள்ளிவிவரமாக அறியாமல் கண்ணால் அறிந்திருந்தேன். இப்போது படமாகப் பார்த்தேன். மகள் எதற்காகப் பிறர் தொட்டில்களை ஆராய்கிறாள் என்பதும் அப்போது கொஞ்சம் விளங்கிற்று.

அதன் பின்னரே அவள் நடந்ததைச் சொன்னாள். நகரின் மேற்கே ட்ருகனினாவில் உகண்டாத் தாய்மார் பலர் வாழ்கிறார்கள். அவர்களை முதன்முறை ஒரு பொது மண்டபத்தில் சந்தித்தாள். பிள்ளைகளும் வந்திருந்தார்கள், ஓடினார்கள், கதிரைகளின் கீழ் புகுந்தார்கள். மண்டபக் காவலர், தீ விபத்து நேர்ந்தால் தெரிய வேண்டும் என்று, உள்ளே எத்தனை பேர் எனக் கேட்டார். கௌரி பேனாவை நீட்டிப் பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சுட்டி, உரக்க எண்ணினாள். எண்ணி முடிக்குமுன் தாய்மார் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். அடுத்த சந்திப்புக்கு ஒருவரும் வரவில்லை.

பரமேஸ்வரி கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பிள்ளையளை விரலால சுட்டி எண்ணினியோ?"

"பேனாவால, அம்மா."

"அது இன்னும் வடிவு. ஆர் பழக்கினது உனக்கு?"

"அந்த ஆக்களுக்கும் அப்பிடி ஒரு வழக்கம் இருக்கெண்டு நான் வாசிச்சனான். எழுதியும் வச்சனான். அந்த நேரத்தில மண்டபக்காரர் அவசரப்படுத்தினார். நினைவு வரேல்லை."

"வாசிக்கிறதுக்கு என்ன கிடக்கு? நீ வளந்த வீட்டிலயே அதானே வழக்கம்."

கௌரி கணினியை மூடினாள். பரமேஸ்வரியும் அதற்கு மேல் ஏசவில்லை. உழுந்து எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பிழை விட்ட வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. வடை சுட்டுக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்போம் என்பது அவள் முடிவு. ஆய்வுக்கு உட்படுவோருக்குப் பரிசு கொடுப்பது விதிக்கு மாறானது, லஞ்சம்போல் ஆகிவிடும் என்று கௌரி எடுத்துச் சொன்னாள்.

"வடை லஞ்சமோ? அப்ப நான் குடுக்கிறன். நீ பாத்துக்கொண்டு நில்."

கௌரி தாய்மாரின் தலைவியுடன் தொலைபேசியில் பேசினாள். ஆய்வுக்காக அல்ல, பெற்றோரோடு மன்னிப்புக் கேட்க மட்டும் வருவதாகச் சொன்னாள். பெற்றோர் என்றதும் அந்தப் பக்கத்தில் குரல் இளகிற்றாம். வாருங்கள், ஆனால் கேள்வி எதுவும் கேட்கக்கூடாது என்று பதில் வந்தது.

ட்ருகனினா நகரின் மறு கோடி. பண்டகசாலைகள் மலைபோல் வரிசையாக நின்றன. அவற்றைக் கடந்தால் புத்தம்புதிய குடியிருப்புகள். எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்தவை. வழிகாட்டும் கருவி, இன்னும் தார் போடாத தெருவொன்றில் எங்களை நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று அறிவித்தது. எதிரே வெறும் தூண்களும் மணற்குவியலும். பக்கத்துத் தெருவில் கதவைத் தட்டினோம். தலைப்பாகை அணிந்த பஞ்சாபியர் ஒருவர் திறந்தார். வீடு தவறியவர்கள் நாள்தோறும் தம்மிடம் வருவதாகவும், தேநீர் அடுப்பில் இருப்பதாகவும் சொன்னார். வடை ஆறிவிடும் என்று பரமேஸ்வரி அவசரப்படுத்தியதால் அந்தத் தேநீர் எனக்குக் கிடைக்கவில்லை. இன்றும் அது ஒரு குறை.

அந்தத் தெருக்களில் நான் கண்டவர்கள் எல்லாம் பிள்ளைகள். துவிச்சக்கரவண்டியில், உருளைப் பலகையில், தந்தையின் தோளில், தள்ளுவண்டியில், மூக்கு ஒழுகியும் ஒழுகாமலும், எத்தனையோ நிறத்தில். குளிருக்குச் சட்டை போட்டவர் சிலர். கழற்றி எறிந்தவர் பலர். எங்கள் ஊர்த் தெருவில் மாலைவேளையில் நாயின் குரைப்பும் கோயில் மணியும் கேட்கும். இங்கே கூச்சல் கேட்டது. அடியேனுக்குக் காது மந்தம். ஆயினும் நன்றாகக் கேட்டது. காரை நிறுத்தச் சொல்லிச் சற்று நேரம் அதனைக் கேட்டேன்.

ஒருவாறு தலைவியின் வீட்டைக் கண்டுபிடித்தோம்; கதவைத் திறந்த அவர் உயரமான, அகன்ற முகமுள்ள பெண். அவரை எல்லோரும் நலோங்கோ என்றே அழைத்தார்கள். இரட்டையரைப் பெற்ற தாய்க்கு அவர்கள் நாட்டில் வழங்கும் பட்டம் அது. அதைப் பெற்றபின் சொந்தப் பெயர் பின்னே போய்விடுமாம். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்புப் பணி செய்பவர். எங்களைக் கண்டதும், வாசலில், விரிப்பின்மேல், இரு முழந்தாளும் பதிய மண்டியிட்டு வணங்கினார். மூத்தோரைப் பெண்கள் அவ்வாறு வணங்குவது அவர்கள் முறை. பரமட்டாவில் என் சொந்த மருமக்களின் "ஹாய்" காதில் ஒலித்துக்கொண்டிருந்த எனக்கு, அறியாமலே கை உயர்ந்தது. தீர்க்காயுசாய் இரு பிள்ளை என்று தமிழிலேயே வாழ்த்தினேன். அவர் ஆமென் என்றார்.

உள்ளே மேசைமேல் வாழையிலைப் பொதியொன்று ஆவி பறந்தது. பிரித்தபோது மஞ்சளாய் மசித்த வாழைக்காய். மட்டோக்கே என்றார்கள். அதன்மேல் வார்க்க நிலக்கடலைக் குழம்பு. வாழைக்காயை வாழையிலையில் பொதிந்து அவிக்கும் அறிவு எங்களுக்கு ஏன் வராமற்போயிற்று என்று எண்ணியபடி இரண்டாம் முறையும் வாங்கி உண்டேன். நாங்கள் மாமிசம் உண்பதில்லை என்று கௌரி முன்னரே சொல்லியிருந்தாள். கோழிகூடவா உண்பதில்லை என்று நலோங்கோவின் கணவர் இரங்கலோடு கேட்டார். இல்லை என்றதும், எனக்கு இன்னொரு கரண்டி கடலைக் குழம்பு ஊற்றினார், நோயாளிக்கு ஊற்றுவதுபோல.

வடைப் பெட்டி திறந்ததுதான் தாமதம், வீட்டுப் பிள்ளைகளும் அயல்வீட்டுப் பிள்ளைகளும் எங்கிருந்தோ வந்து சூழ்ந்தார்கள். வந்திருந்த வேறு சில தாய்மார் சுவரோடு நின்று பார்த்தார்கள். அவர்கள் முகம் இன்னும் மலரவில்லை. பரமேஸ்வரி ஒவ்வொரு கையிலும் ஒரு வடை வைத்து, வழக்கம்போல் வாய்க்குள் வடையை எண்ணினாள்: லாபம், ரெண்டு, மூண்டு.

நலோங்கோ அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஒண்டு எங்கே?" என்றார், தமிழில்.

அவர் பணிசெய்யும் இல்லத்தில் யாழ்ப்பாணத்து முதியவர்கள் இருக்கிறார்களாம். காலை உடற்பயிற்சியில் அவர்கள் காலைத் தூக்குவதற்காக, ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணப் பழகியிருக்கிறார். பரமேஸ்வரி ஏன் வேறு சொல்லால் தொடங்கினாள் என்பதே அவர் ஐயம்.

பரமேஸ்வரி கௌரியைப் பார்த்து, தான் சொல்வதை அப்படியே சொல்லச் சொன்னாள்.

"நெல்லளக்கேக்கை எங்கட ஆக்கள் ஒண்டெண்டு தொடங்கமாட்டினம். ஒண்டெண்டா அதோட நிண்டுபோகும் எண்டு பயம். லாபமெண்டுதான் தொடங்குவினம். அதுவும் வடையைத்தான் எண்ணலாம், பிள்ளையளை எண்ணக்கூடாது. என்ர மகள் எண்ணிப்போட்டாள். பிழைதான். நான் வளத்தனான், நான்தான் வந்து சொல்லோணும்."

கௌரி இதை ஆங்கிலத்தில் சொன்னாள். சுவரோடு நின்ற தாய்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நலோங்கோ தொடையில் தட்டிச் சிரித்தார். தம் மாமியார் வீட்டில் பிள்ளைகள் என்றே சொல்லமாட்டார்களாம். அடுப்படியில் எத்தனை விறகு என்றுதான் கேட்பார்களாம். அன்று மண்டபத்தில் பேனாவைக் கண்டபோது, கடல் கடந்து மாமியாரின் குரல் கேட்டதாம். அந்த மண்டபத்தில் கருவுற்ற பெண்ணொருத்தியும் இருந்தாள். அவளுக்காகவே எல்லோரும் மிக அஞ்சினார்கள். கௌரியிடம் கோபம் இல்லை, அச்சமே என்றார். பிறகு அவளைப் பார்த்து, உன் அம்மாவை முதலில் அனுப்பியிருக்கலாமே என்றார். சுவரோடு நின்றவர்களும் சிரித்தார்கள். ஒருவர் வந்து வடை எடுத்தார்.

பிள்ளைகளில் ஒருத்தி பரமேஸ்வரியின் மடியில் ஏறி அமர்ந்துவிட்டாள். அவள் பெயர் நகாட்டோ. இரட்டைப் பெண்களில் இளையவளுக்கு வைக்கும் பெயராம் அது. மூத்தவளுக்குப் பபிரியே. இரட்டையருக்கு அடுத்துப் பிறக்கும் பிள்ளை கிஸ்ஸா. அவன் கதவோரம் வடையைக் கடித்துக்கொண்டு நின்றான். பெயர்களைக் கேட்டாலே அந்நாட்டவருக்குப் பிறப்பின் வரிசை விளங்கிவிடும். பபிரியே எங்கே என்று பரமேஸ்வரி சுற்றிலும் பார்த்தாள்.

"பறந்துவிட்டாள்," என்றார் நலோங்கோ.

இரட்டையர் இறப்பதில்லை, பறந்துபோகிறார்கள் என்று சொல்வது அவர்கள் மரபு. பிறந்த சில மாதங்களில் பறந்தாளாம். பரமேஸ்வரி நெடுநேரம் அந்தச் சிறுமியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, ஒன்று பறந்த பின்னும் இவர் நலோங்கோதானா என்று கேட்கச் சொன்னாள். கேள்வி கேட்பதில்லை என்று வாக்களித்தோமே என்று கௌரி தயங்கினாள். கேட்பது ஆய்வல்ல, நான் என்றாள் தாய்.

நலோங்கோவுக்கு அக்கேள்வியே வியப்பாக இருந்தது. "பறந்துபோனால், நான் பெறவில்லை என்று ஆகுமா? அவள் பெயர் பபிரியே. இவள் இளையவள் நகாட்டோ. அக்கா இல்லாமல் இளையவள் எப்படி வருவாள்?"

பிறகு அவர் பரமேஸ்வரியின் பக்கம் திரும்பினார். எத்தனை என்று கேட்கவில்லை.

"உங்கள் பிள்ளைகளின் பெயர் என்ன, அம்மா?"

கடவுள் தந்தது காணும் என்ற விடை அந்தக் கேள்விக்குப் பொருந்தாது. பரமேஸ்வரி மடியிலிருந்த சிறுமியின் சட்டைப் பொத்தானைப் பூட்டினாள். பூட்டியிருந்ததைக் கழற்றி மீண்டும் பூட்டினாள்.

"மூத்தவன் சேந்தன்," என்றாள். "இவள் கௌரி."

கௌரி மொழிபெயர்க்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. நலோங்கோ தலையசைத்து, "சேந்தன், கௌரி," என்று இரு பெயரையும் சொல்லிப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை, சற்று உரக்க, மாலையில் விளையாட்டை விட்டு உணவுக்கு வரும்படி பிள்ளைகளை அழைக்கும் குரலில் சொன்னார். கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒரு கணம் நின்று, யார் வருகிறார்கள் என்று வாசலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அன்று கௌரி வாக்குத் தவறவில்லை. ஆய்வு பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. விடைபெறும்போது நலோங்கோவே பேசினார். வரும் சனிக்கிழமை எல்லோரையும் அழைத்து வைப்பதாகவும், கௌரி வரலாம் என்றும் சொன்னார். ஆனால் எண்ணிக்கையில் தொடங்கக்கூடாது, பெயரில் தொடங்க வேண்டும். பெயர் கேட்கும் பகுதி தங்கள் வினாப்பட்டியலில் இருக்கிறது என்றும், அது பின்னால் கிடக்கிறது என்றும், அதனை முன்னுக்குக் கொண்டுவருவதாகவும் கௌரி சொன்னாள். பின்பு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாய்மார் வந்தார்கள், பெயர் சொன்னார்கள், இருப்பவரைச் சொல்லி, பறந்தவரையும் சொன்னார்கள். ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது. முடித்துவிட்டாள் என்று பொய் சொல்ல அடியேனுக்கு மனமில்லை. ஆயினும் தொலைபேசியில் குரல் பழையபடி தடித்திருக்கிறது. இப்போது வேலை கூட என்று அவள் சொன்னால் தாய் நம்புகிறாள்.

ட்ருகனினாவிலிருந்து திரும்பும் வழியில், பெரிய பாலத்தின்மேல் வாகனங்கள் அசையாமல் நின்றன. கௌரி பின்கண்ணாடியில் தாயைப் பார்த்தாள்.

"அண்ணா எப்பிடி இருந்தவர், அம்மா?"

"உன்னை மாதிரித்தான். சொன்ன சொல்லுக் கேக்கமாட்டான்," என்றாள் பரமேஸ்வரி.

பிறகு அவள் பேசினாள். அவன் முதன்முதல் நடந்தது, பூசையறையில் கற்கண்டு திருடியது, நான் பதிகம் பாடும்போது கூடவே கத்தியது. நான் மறந்தவற்றையும் அவள் வைத்திருந்தாள். பாலத்தில் வாகனங்கள் எப்போது நகர்ந்தன என்று எங்களுக்குத் தெரியாது. பின்னால் நின்றவர் ஒலிப்பானை அழுத்தித்தான் சொன்னார்.

இனி, நாளைத் தேர்ந்த காரணம். சேந்தன் பிறந்தது வைகாசி விசாகத்தில். முருகனுக்குரிய நாள் என்பதால் முருகனின் பழம்பெயர் ஒன்றை அவனுக்கு இட்டோம். இன்று காலை கோயிலில் அருச்சனைத் தட்டை நீட்டியபோது, குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்டார். இத்தனை காலமும் அந்த இடத்தில் பரமேஸ்வரி என் பெயரையும் கௌரியின் பெயரையும் மட்டும் சொல்லி வந்தாள். இன்று முதலில், "சேந்தன், விசாகம்," என்றாள். குருக்கள் இளையவர், ஒன்றும் அறியாதவர். அப்படியே உரக்கச் சொல்லிப் பூவை எடுத்து முருகன் காலடியில் இட்டார். மறைந்தவர் பெயரில் அருச்சனை செய்யச் சாத்திரம் இடங்கொடுக்காது என்பதை அடியேன் அறிவேன். வாய் திறக்கவில்லை. முருகன் இடங்கொடுத்தான். எத்தனை என்று அவன் கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்டான்.

இதனை வாசிப்போர் எல்லோரும் நீடு வாழ்க. உங்கள் வீட்டு அடுப்படியில் விறகு நிறைக, தொட்டில் ஓயாதிருக்க. நீங்கள் பெயர் சொல்லி அழைத்தால் ஓடி வருகிறவர்கள் நலமாக இருக்க. அழைத்தாலும் வர இயலாத இடத்தில் இருப்பவர்களும், அழைக்கும் குரலைக் கேட்டு, அங்கே நலமாக இருக்க. சிவசிவ.